அண்ணி வாயை மூடிய தவக்காலம்

எனக்கு என் சின்ன அண்ணியைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த பிறகு யாரும் என்னிடம் வந்து, "நாத்தனாரே அண்ணியைப் புகழ்ந்து எழுதியிருக்கிறாயே" என்று உச்சுக் கொட்டக் கூடாது. அவள் எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றே, கல்யாண உடுப்பைக்கூட மாற்றாமல், ஜன்னலோரம் இருந்த என் தையல் மெஷினை இழுத்து உள்ளறை மூலையில் போட்டாள். "வெளிச்சம் எல்லாருக்கும் பொதுதானே" என்றாள். நான் அன்றிலிருந்து பள்ளிக்கூடச் சீருடைகளை பல்பு வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருக்கிறேன். என் கண்ணாடியின் கனம் கூடியதற்கு டாக்டர் வயதைக் காரணம் சொல்கிறார். எனக்குத் தெரியும் யார் காரணம் என்று.

அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு வாசலில் காவலுக்கு நிற்பவள். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள், அதுவும் மாலையில் மட்டும்தான் என்பது சட்டம். ஆனால் நம் ஜனங்களுக்குச் சட்டம் என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஃபிளாஸ்க்கோடு வருவார்கள், தலையணையோடு வருவார்கள், கைக்குழந்தையோடு வருவார்கள், எல்லோரும் கூடப்பிறந்தவர்கள் என்பார்கள். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். "நீங்க தம்பியா? காலையில வந்தவரும் தம்பி, நேத்து வந்தவரும் தம்பி. உங்கம்மா பிரசவ வார்டை விட்டு வெளிய வரவே இல்லையா?" அந்தக் குரல் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கும். மயக்க மருந்து கொடுத்துப் படுத்திருப்பவன்கூட ஒரு தரம் புரண்டு படுப்பான். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் 'சைரன்' என்று பெயர். கேட்டால் கோபம் வரும் என்று நினைப்பீர்கள். இல்லை, அவளுக்கு அதில் பெருமை.

வீட்டுக்கு வந்தாலும் சைரன் அணையாது. பால்காரன், குப்பை வண்டிக்காரர், எதிர்வீட்டு நாய், எல்லோருக்கும் பங்கு உண்டு. என் சின்ன அண்ணன் கனரக லாரி ஓட்டுகிறவன். வெளியே எவ்வளவு குறுகலான சந்திலும் லாரியைத் திருப்பிவிடுவான். வீட்டில் அவள் கத்தும்போது கழுத்தைக்கூடத் திருப்ப மாட்டான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுவான்.

அவளுக்குச் சரிக்குச் சரி நின்றவர் எங்கள் அப்பா ஒருவர்தான். அப்பா இரும்புப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். ஆயுசு முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசுவது எப்படி என்பதே மறந்துபோனவர். அம்மா போன பிறகு அவருக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் இருந்தது. மருமகள் வந்து அந்தக் குறையைத் தீர்த்தாள். தெருவைப் பார்த்த முன்னறை அப்பாவுடையது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, ரேடியோ எவ்வளவு சத்தம், முகச்சவரம் எப்போது என்று காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை நடக்கும்.

"மாமா, அந்த ரேடியோவைக் குறைக்கறீங்களா, இல்ல அதைத் தூக்கித் தெருவுல வைக்கட்டுமா? ஊரே கேட்கட்டும்."

"நீ இருக்கும்போது ஊருக்கு ரேடியோ எதுக்கு?"

இதுதான் அவர்கள் பேச்சு. கேட்கிற யாருக்கும் போலீஸுக்கு போன் போடத் தோன்றும். எனக்குத் தலை வலிக்கும். கடவுளே, இவள் வாயை ஒரு நாளாவது மூடிக் காட்டு என்று நான் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வேண்டியதுண்டு.

இனி என் பெரியண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரையும் எனக்குப் பிடிக்காது. இரண்டு தெரு தள்ளித் தனி வீடு கட்டிக்கொண்டு, வாசலில் கார் ஷெட்டும் போட்டுக்கொண்டு இருக்கிறார். எங்கள் கோயில் பங்கில் செபக்குழுவின் தலைவர். கண்ணை மூடிக்கொண்டே பேசுவார். பேசி முடித்துக் கண்ணைத் திறக்கும்போது எதிரில் இருப்பவர்கள் அழுதிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். செபக்குழு கூடிக்கொண்டிருந்த பள்ளிக்கூட ஹாலை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து, அப்பாவின் முன்னறைமேல் அவருக்குக் கண். விசாலமான அறை, தெருவாசல் தனியாக உண்டு. அப்பாவை ஊருக்கு வெளியே கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டால் அறையைச் செபக்கூடம் ஆக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. பெற்ற அப்பனைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் மண்டியிட்டு செபிக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுகிறதே, அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

இந்தப் பேச்சை அவர் முதன்முதலில் எடுத்தபோது அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தாள். "ஆண்டவர் மாட்டுக்கொட்டகையில பொறந்தவர்தானே? உங்க கார் ஷெட்டு அவருக்குப் போதாதா? காரைத் தெருவுல நிறுத்துங்க. ஷெட்டுல ஆண்டவரை வைங்க. மாமாவைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற" என்றாள். பெரியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, அவளுக்காகச் செபிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு பல மாதம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

அந்த வருடம் தவக்காலத்துக்குச் சற்று முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. அதைவிட மோசம், தொண்டை வேலை செய்யவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுத்தாலும் புரை ஏறி, மூச்சு முட்டி, முகம் நீலமாகிவிடும். அண்ணியின் வார்டிலேயே கிடத்தி மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். இந்த வயதில் தொண்டை திரும்புவது கஷ்டம், வீட்டுக்குப் போனாலும் குழாயோடுதான் என்று டாக்டர் எங்களைத் தயார்படுத்தினார். என்ன அதிசயமோ, ஒரு நாள் காலையில் நர்ஸ் ஸ்பூனில் கொடுத்த தண்ணீர் இருமல் இல்லாமல் இறங்கியது. பிறகு சூப் இறங்கியது, குழைத்த சோறு இறங்கியது. பேச்சும் குழறலாகத் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் சொன்ன வார்த்தை, "ஜன்னலை யார் மூடினது?"

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வந்தது. பங்குச் சாமியார் அன்று பிரசங்கத்தில் இரண்டு விஷயம் சொன்னார். இறைச்சியை விடுவது பெரிய காரியம் இல்லை, எதை விட முடியாதோ அதை விடுங்கள் என்றார். விட்டதை யாருக்கும் சொல்லாதீர்கள், முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு ஊருக்குக் காட்டுகிற நோன்பு நோன்பே இல்லை என்றார். எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் பெரியண்ணன் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

கேட்டுவிட்டு வெளியே வந்ததும் தாடி வளர்க்க ஆரம்பித்தார். கறுப்புச் சட்டை போட்டார். யார் வீட்டில் என்ன கொடுத்தாலும் உள்ளங்கையைக் காட்டி, "வேண்டாம், நான் ஒருவேளைதான்" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார். வயிற்றில் கை வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், பார்க்கிறவர்களுக்கே பசித்துவிடும். அந்த ஒருவேளையில் மூன்று வேளைக்கும் சேர்த்துப் பிடிபிடி என்று பிடிப்பார் என்று பெரிய அண்ணியே என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் டீயில் சர்க்கரையை விட்டேன். அதை இங்கே சொன்னதால் என் நோன்பும் போயிற்று, போகட்டும்.

அன்று மாலை அண்ணி நெற்றியில் சாம்பலோடு வந்து, அப்பாவின் படுக்கையை உதறிப் போட்டாள். தலையணைக்கு அடியில் மாத்திரைகள் கிடந்தன. அப்பா விழுங்கியதாகப் பாவனை செய்து ஒளித்து வைத்தவை. இது அவருடைய பழைய திருட்டுத்தனம். ஒவ்வொரு தடவை பிடிபடும்போதும் வீடு இரண்டு படும். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். அண்ணி மாத்திரைகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். உறையிலிருந்து புதிதாக ஒன்றைப் பிரித்து, தண்ணீரோடு அவர் வாயருகே நீட்டினாள். அவர் குடித்தார். வாயைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள். விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பிப்போய், சுவரைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டியில் துப்பினாள்.

"பல்வலியா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாளும் அப்படித்தான். பால்காரன் பாலில் தண்ணீர் கலந்திருந்தான். அண்ணி பாத்திரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், உள்ளே ஓடிப்போய் வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து காசைக் கொடுத்தாள். அவன் பயந்துபோய் அதற்கடுத்த நாள் சுத்தமான பால் கொண்டுவந்தான். நான் வேண்டுமென்றே அவள் துணியின்மேல் என் நூல்கண்டுகளைப் போட்டுப் பார்த்தேன். எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டால் பதில் சொல்வாள், தேவையானதைப் பேசுவாள். திட்டு மட்டும் இல்லை. முதல் வாரம் எனக்குச் சொர்க்கம் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. வெளியில் காக்கை கத்துவதைக்கூடக் கேட்க முடிந்தது.

இரண்டாவது வாரம் சொர்க்கம் கசந்துவிட்டது. பேய் வீடு மாதிரி ஆகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன அண்ணன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, படுக்கப் போகாமல் கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். யாராவது கத்தினால் போய்ப் படுக்கலாம் என்று காத்திருந்தவன் போலத் தெரிந்தது.

அப்பாதான் ரொம்பவும் கெட்டுப்போனார். ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தார். அண்ணி அறைக்குள் வந்து, ஜன்னல் தூசியைத் துடைத்துவிட்டு, ரேடியோவைத் தொடாமலே போனாள். சவரம் செய்ய வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, நாளைக்குச் செய்யலாம் மாமா என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு நாள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நல்ல கையால் சூப் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். சுத்தமாக மாற்றிய விரிப்பு பூராவும் சூப். அவர் அவளையே பார்த்தார். அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு, விரிப்பை உருவி எடுத்து, வேறு போட்டு, வேறு சூப் கொண்டுவந்து ஊட்டினாள். அப்பா இரண்டு ஸ்பூனுக்குமேல் வேண்டாம் என்றார். கிழட்டுத் திமிர் என்று நான் மனதுக்குள் திட்டினேன்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அப்பாவின் மாத்திரை வாங்கப் போனபோது வார்டு வாசலைப் பார்த்தேன். கல்யாண வீடு தோற்றது. ஒரு கட்டிலுக்கு எட்டுப் பேர். தரையில் துணி விரித்துப் பழம் உரித்துக்கொண்டிருந்தது ஒரு குடும்பம். கால் உடைந்தவன் படுத்திருக்க, அவன் காலடியில் அவன் மைத்துனன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அண்ணி கழுத்தில் ஒரு விசிலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அதை ஊதினாள். குழந்தைகள் அதைக் கேட்டுச் சிரித்தன. தலைமை நர்ஸ் இடுப்பில் கை வைத்து நின்று, "என்னாச்சு நம்ம சைரனுக்கு? கரண்ட் கட்டா? இப்படியே போனா உங்களைத் துணி துவைக்கிற இடத்துக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்" என்றாள். அண்ணி கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவளுக்காக நான் ஏன் அவமானப்பட வேண்டும் என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

விஷயம் பெரியண்ணன் காதுக்குப் போகாமல் இருக்குமா? தவக்காலம் முடியும் தறுவாயில் தாடியோடும் கறுப்புச் சட்டையோடும் வந்து நின்றார். முதியோர் இல்லப் பேச்சை எடுத்தார். அங்கே கன்னியர்கள் பொன்னைப் போலப் பார்த்துக்கொள்வார்கள், தினமும் பூசை உண்டு, அப்பாவின் ஆத்துமாவுக்கு நல்லது என்றார். எங்கள் சிரமத்தையும் அவர் யோசித்தாராம். அண்ணி சமையலறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். வாய் நிறையத் தண்ணீர்.

"என்னம்மா சொல்றே?" என்று அவர் அவளைக் கேட்டார்.

அவள் முகம் சிவந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வாயைத் திறக்கவில்லை.

"இயேசுவே, வழியைத் திறந்துட்டீர்" என்று பெரியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அறையை அளக்க ஆரம்பித்தார். அப்பா படுத்திருக்கும் கட்டிலுக்கு மேலேயே நாடாவை இழுத்துப் பிடித்து அளந்தார். பெரிய வெள்ளிக்கிழமை செபத்தை இங்கேயே வைத்துவிடலாம், வியாழக்கிழமை காலையில் வேன் வரச் சொல்கிறேன் என்றார்.

"அப்பா இருக்கற ரூம் இது. அவரு எங்கயும் போகலை" என்றேன் நான்.

"நீ தையலைப் பாரு" என்றார். இந்த வீட்டில் என் பேச்சை யார் எப்போது கேட்டார்கள்? சின்ன அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். அவளே பேசவில்லை என்றால் நான் என்ன செய்ய என்று பெண்டாட்டியைக் கை காட்டினான்.

அன்று மாலை அப்பா என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலைப்பா."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "பெரியவன்கிட்ட சொல்லிடு. நான் போறேன்னு" என்றார். ரேடியோ அன்றோடு நின்றது.

பெரிய வியாழன் காலையில் வேன் வந்தது. சீருடை போட்ட இரண்டு ஆட்கள் சக்கர நாற்காலியை இறக்கினார்கள். பெரியண்ணன் பெருமூச்சோடு உள்ளே வந்தார். பின்னாலேயே செபக்குழுக்காரர்கள் இருவர் சுவரில் மாட்டப் பெரிய சிலுவையைத் தூக்கிக்கொண்டு வந்து, வைக்க இடம் இல்லாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். அப்பாவுக்குச் சட்டை போட்டுவிட்டது நான்தான். வலது கையைச் சட்டைக்குள் நுழைக்கும்போது அது துணி மாதிரி தொங்கியது. என்னால் பொறுக்க முடியவில்லை. வெளியே வந்து அண்ணியைத் தேடினேன்.

வேனின் ஹார்ன் கேட்டதுமே அவள் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். முன்னறைக் கதவோரம் கன்னம் உப்ப நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயை மூடச் சொல்லி இத்தனை வருடம் செபமாலை உருட்டிய நான், பேசித் தொலையேன் என்று மனதுக்குள் அவளைக் கெஞ்சினேன். எனக்கு வேறு யார்மேலும் நம்பிக்கை இல்லை. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை அதுதான்.

ஆட்கள் அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. வாசலைத் தாண்டும் முன் அவர் நல்ல கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். அண்ணியை நிமிர்ந்து பார்த்தார்.

"போறேன்மா" என்றார் குழறலாக. "இனிமே உனக்குத் தொல்லை இல்லை. என்னைத் திட்டறதுகூட உனக்கு அலுத்துப்போச்சு. நானும் எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். மாத்திரையை ஒளிச்சேன், சூப்பைக் கொட்டினேன். அந்நியக்காரியைப் போல துடைச்சிட்டுப் போறே. அப்புறம் நான் இங்க எதுக்கு?"

அண்ணியின் கண்கள் விரிந்தன. வாயிலிருந்த தண்ணீரை அப்படியே மடக்கென்று விழுங்கினாள். புரை ஏறியது. இருமி, மூக்கிலும் வாயிலும் நீர் ஒழுக, கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தபோது சைரன் பிடித்தது.

"அலுத்துப்போச்சா? எனக்கா? உங்களைத் திட்டறதுக்கா? ஏன் மாமா, உங்களுக்கு மூளையிலயும் வாதம் வந்துடுச்சா? ஒவ்வொரு வார்த்தையும் இங்க தொண்டையில வந்து வந்து நிக்குது, அதைத் தண்ணி ஊத்தி அமுக்கி அமுக்கி எனக்கு வாயெல்லாம் புண்ணாயிடுச்சு. டியூபைப் போட்டுக் கெடந்தீங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு ஸ்பூன் தண்ணி இந்த மனுஷன் தொண்டையில இறங்கினா போதும், தவக்காலம் முழுக்க யாரையும் ஒரு சொல்லு திட்ட மாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொன்னேன். மறுநாளே இறங்குச்சு. சொன்ன சொல்லைக் காப்பாத்த வேணாமா? வெளிய சொல்லக் கூடாதுன்னு சாமியார் சொன்னாரு, சொல்லலை. உயிர்ப்பு ஞாயிறு வரட்டும், மொத்தத்தையும் சேர்த்து வச்சுக் குடுக்கறேன்னு இருந்தேன். அதுக்குள்ள சட்டையைப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டீங்க. எங்க போறீங்க? அங்க எவ உங்களுக்குச் சவரம் பண்ணுவா? மாத்திரையைத் தலகாணிக்கு அடியில தேடுவாளா?"

தெருவில் ஜனம் கூடிவிட்டது. எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"தவக்காலத்துல, அதுவும் பெரிய வியாழனன்னைக்கு இப்படி வாயைத் தொறக்கறியே" என்றார் பெரியண்ணன். "நேர்ந்துக்கிட்டதை முறிச்சிட்டே. அது யார் தலையில விடியும்னு யோசிச்சியா?"

அண்ணி அவர் பக்கம் திரும்பினாள். நான் சுவரோடு ஒதுங்கிக்கொண்டேன்.

"யோசிச்சேன். அதனாலதான் அன்னைக்கு நீங்க அவரு உடம்புக்கு மேல டேப்பைப் புடிச்சு அளக்கும்போதுகூட வாயை மூடிக்கிட்டு நின்னேன். நீங்க பட்டினி கெடக்கறதை ஊரே பார்த்தாச்சு, நாய்கூடப் பார்த்தாச்சு. அப்பாவை ஒரு நாள், ஒரே ஒரு நாள், உக்கார்ந்து ஊட்டியிருக்கீங்களா? ஒரு வாய் இறங்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? சிலுவையைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க, அறையைக் காலி பண்ண. எடுத்துட்டுப் போங்க அதை. ஆண்டவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க."

வேன் ஆட்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சார், பெரியவர் வர்றாரா இல்லையா? நாங்க இன்னொரு வீட்டுக்கும் போகணும்."

பெரியண்ணன் கண்ணை மூடினார். அவர் திறப்பதற்குள் அப்பா, "கட்டில்ல போடுங்க" என்றார். அந்த இரண்டு சொல்லை அவர் பழைய ஃபோர்மேன் குரலில் சொன்னார். ஆட்கள் கேள்வி கேட்காமல் தூக்கிப் போட்டார்கள். செபக்குழுக்காரர்கள் சிலுவையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்போது வாசலில் இடித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை செபம் கார் ஷெட்டில் நடந்ததாகக் கேள்வி.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். எல்லோரும் போன பிறகு அண்ணி கூடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. சின்ன அண்ணன் தோளைத் தொட்டான், தட்டிவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. எதற்கும் பயப்படாதவள் என்று நான் கரித்துக்கொட்டிய பெண்பிள்ளை, பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"குடுத்ததைத் திருப்பி எடுத்துக்குவாரா?" என்று என்னிடம் கேட்டாள்.

அவள் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. ஆண்டவர் அப்படிக் கறாரானவர் இல்லை என்று எதையோ சொன்னேன். பெரியண்ணன் விட்டுப்போன வார்த்தை வீட்டுக்குள்ளேயே நின்றது. அப்பா அறையில் ரேடியோவைப் போட்டார். அந்தச் சத்தம்கூட எங்களுக்கு ஆறுதலாக இல்லை.

மதியம் சூப் செய்தாள். வழக்கத்தைவிட நீர்க்கச் செய்து, இரண்டு தரம் வடிகட்டினாள். தலையணைகளை அடுக்கி அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தாள். நான் தையலைப் போட்டுவிட்டுக் கதவோரம் வந்து நின்றேன். சின்ன அண்ணன் எனக்குப் பின்னால் நின்றான். அவள் ஸ்பூனை எடுத்தபோது பாதி கிண்ணத்திலேயே சிந்தியது. மீதியை அவர் வாயில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அவர் கழுத்தையே பார்த்தாள். குரல்வளை மேலே ஏறி, கொஞ்சம் நின்று, இறங்கியது. இருமல் வரவில்லை.

அடுத்த ஸ்பூன். அதற்கும் கழுத்தையே பார்த்தாள். அவர் அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். அப்பா ஒரு கிண்ணம் சூப்பையும் குற்றம் சொல்லாமல் குடித்ததாக எனக்கு நினைவில்லை. உப்பு இல்லை என்பார், சூடு இல்லை என்பார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் தானே மோவாயை உயர்த்திக் கழுத்தை அவளுக்குக் காட்டிக்கொண்டு விழுங்கினார். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. சூப் ஆறிப்போனது. அடிவரை குடித்தார்.

குடித்து முடித்ததும், ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட அந்த வாயைத் தன்னால் முடிந்த மட்டும் திறந்து, நாக்கைத் தூக்கி அவளுக்குக் காட்டினார். உள்ளே ஒன்றும் மிச்சம் இல்லை.

"பார்த்துக்கோ" என்றார்.

அண்ணி குனிந்து, ஜன்னல் வெளிச்சத்தில், ரொம்ப நேரம் உள்ளே பார்த்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"மூடுங்க மாமா, நாறுது" என்றாள். "பல்லு தேய்ச்சு எத்தனை நாளாச்சு?"